உப்புக்காற்றில் எது தாங்கும்? சிகிச்சை யோகாவுக்கான பாய், திண்டு, பெல்ட், நாற்காலி: ஒரு மதிப்பீடு

'யோகா தெரபி கிட்' என்று இணையத்தில் தேடினால் எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறது. 6 மி.மீ பாய் ஒன்று, ஃபோம் கட்டை இரண்டு, ஒரு பெல்ட், சில பெட்டிகளில் சின்னதாக ஒரு திண்டு, கண்ணுக்கு ஒரு மூலிகைப் பை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் கரையோர ஊர்களில் இடுப்புவலி, முழங்கால்வலி, தூக்கமின்மை, படபடப்பு என்று யோகா பக்கம் வருகிறவர்கள் பலரும் முதலில் வாங்குவது இந்தப் பெட்டியைத்தான். அதில் பாதிப் பொருள் இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. மீதிப் பாதி, வலிக்காரருக்கு வேண்டிய அளவில் இருக்காது. பெட்டியாக வாங்காதீர்கள் என்பதுதான் எங்கள் முடிவு. ஏன் என்று ஒவ்வொரு பொருளாகச் சொல்கிறோம்.

சிகிச்சை யோகாவில் ஒரே நிலையில் 5 முதல் 10 நிமிடம் வரை இருக்க வேண்டி வரும். அந்த நேரம் முழுக்கத் தசை இறுகாமல் இருந்தால்தான் மூச்சு நீளும். மூச்சு நீண்டால்தான் நெஞ்சுத் துடிப்பும் மனசும் அடங்கும். உடம்பின் பாரத்தை உடம்பே சுமந்துகொண்டிருந்தால் இது நடக்காது, அதை வேறு ஏதாவது வாங்கிக்கொள்ள வேண்டும். பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) புனேயில் கட்டை, பெல்ட், திண்டு, நாற்காலி என்று துணைப்பொருள்களைப் பெருக்கியது இதற்காகத்தான். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியாவின் (1888–1989) வழியில் சென்னையில் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றுவதிலும், மூச்சோடு சேர்த்து மெதுவாக அசைவதிலும் அழுத்தம் கொடுத்தது. வீட்டில் செய்கிறவருக்கு இரண்டும் வேண்டும்.

பலன் எவ்வளவு என்பதையும் அளவாகவே சொல்ல வேண்டும். நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017-ல் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. அதற்காக ஒரு வாரத்தில் வலி பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாதக்கணக்கில் விடாமல் செய்கிறவருக்கு வலி ஓரளவு குறையும், குனிந்து நிமிர்வது சுலபமாகும். அந்த அளவுக்கு நிச்சயம் பயன் உண்டு.

முதலில் பாய். பாய்க்கு 3, 4, 6, 8, 10 மி.மீ என்று பல தடிமன் உண்டு. நீளம் 173 அல்லது 183 செ.மீ, அகலம் 61 செ.மீ என்பது பொது அளவு. மூட்டுவலிக்காரர்கள் கடைக்குப் போனால் 10 மி.மீ மெத்துமெத்துப் பாயைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது என்.பி.ஆர் என்ற செயற்கை ரப்பர் நுரை. படுக்கச் சுகமாக இருக்கும், நின்றால் கணுக்கால் ஆடும். கையை ஊன்றினால் உள்ளங்கையின் அடிப்பகுதி புதைந்து, மணிக்கட்டு வேண்டியதைவிட அதிகமாகப் பின்னுக்கு வளையும். வலை இழுத்து இழுத்து மணிக்கட்டு தேய்ந்தவர்களுக்கு இது புது வலியைக் கொண்டுவரும். விரல்நகம் பட்டாலே கிழிகிற பொருள் வேறு. வேண்டாம்.

பி.வி.சி பாய், 6 மி.மீ, 500 ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. தண்ணீரை உறிஞ்சாது, உழைக்கும். குறை என்னவென்றால் வியர்வை மேலேயே நிற்கும், கை வழுக்கும். இந்தக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வியர்வை உப்பும் காற்றில் வருகிற உப்பும் பாயின் மேல் படிந்துவிட்டால், அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாய் எப்போதும் பிசுபிசுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான், பாயின் தரம் இல்லை. அதைப் போர்த் தண்ணீரில் கழுவினால் பிசுபிசுப்பு கூடும், ஏனென்றால் கரையோரத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீரே உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும்போது அரை வாளி பிடித்துவைத்து, அதில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துணியால் துடைத்து, இன்னொரு முறை வெறும் நல்ல தண்ணீரில் துடைத்து, நிழலில் கொடியில் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும். புதுப் பி.வி.சி பாயில் ஒரு வழவழப்புப் படலம் இருக்கும், இரண்டு மூன்று தடவை கழுவிய பிறகுதான் பிடிமானம் வரும். வாங்கியவுடன் வழுக்குகிறது என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இயற்கை ரப்பர் பாய்க்கு நல்ல பெயர் உண்டு. பிடிமானத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, 2,000 ரூபாய்க்கு மேல் விலை. ஆனால் வெயிலும் எண்ணெயும் ரப்பருக்கு எதிரி. கீழக்கரை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் மேல்பக்கம் வெடித்துப் பொடி உதிரத் தொடங்கும். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அதன்மேல் படுத்தாலும் அதே கதிதான். மூட்டுக்குத் தைலம் தேய்க்கிற பழக்கம் உள்ளவர்கள் ரப்பர் பாய் வாங்க வேண்டாம். டி.பி.இ (ரப்பர்போல வளையும் ஒரு பிளாஸ்டிக்) பாய் நடுவாந்திரம்: எடை குறைவு, வாடை இல்லை, விலை பி.வி.சி-யைவிடக் கொஞ்சம் கூட. கடும் வெயிலில் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பனையோலைப் பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கிற சவாசனத்துக்கு, அதுவும் சித்திரை வெக்கையில், அதைப்போலக் குளிர்ச்சி வேறெதிலும் கிடையாது. முதுகுக்குக் கீழே காற்று போகும். ஆனால் டைல்ஸ் தரையில் நகரும், நின்று செய்கிற ஆசனத்துக்கு ஆபத்து. அலமாரித் தட்டில் விரிக்கிற ஓட்டை ஓட்டையான ரப்பர் வலை விரிப்பு பாத்திரக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை அடியில் போட்டால் நகர்வது நிற்கும். வீட்டில் படுக்க விரிக்கிற பின்னல் பிளாஸ்டிக் பாய் கூடவே கூடாது. வியர்த்த காலோடு அதில் காலை அகட்டி நின்று திரிகோணாசனம் செய்தால் தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொள்ளும்.

பாய்க்கு மேல் பணம் போட வேண்டியது ஜமுக்காளத்தில். கிட் விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை, ஆனால் நாற்காலியை விட்டால் சிகிச்சைக்கு இதைவிடப் பயன்படுகிற பொருள் கிடையாது. பவானி ஜமுக்காளம் போலக் கெட்டி நெசவுள்ள பருத்தி விரிப்பு இரண்டு வாங்குங்கள். நான்காக மடித்தால் முழங்காலுக்கு அடி, எட்டாக மடித்தால் உட்காரப் பலகை, சுருட்டினால் கழுத்துக்கும் முழங்கால் பின்பக்கத்துக்கும் தாங்கல். தரையில் சம்மணமிட்டு வலைக் கிழிசல் பொத்துகிறவர்களுக்கு இடுப்பு பின்னுக்குச் சாய்ந்து முதுகு கூன் விழுந்திருக்கும். அவர்களை மூச்சுப்பயிற்சிக்கு வெறுந்தரையில் உட்காரவைத்தால் 2 நிமிடத்தில் வலி தொடங்கும். எட்டாக மடித்த ஜமுக்காளத்தின் விளிம்பில், உட்காரும் எலும்பு இரண்டும் மேலே ஏறி, தொடை விளிம்புக்கு முன்னால் சரியும்படி உட்காரட்டும். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழவில்லை என்றால் இன்னொரு மடிப்பு. அதற்கும் தாழவில்லை என்றால் தரையை விட்டுவிட்டு நாற்காலிக்குப் போங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஜமுக்காளத்தின் ஒரே தொல்லை காயாதது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்தால் இரண்டு நாளானாலும் உள்மடிப்பில் ஈரம் நிற்கும், பூஞ்சை வாடை வந்துவிடும். மழை பிடிக்கும் முன்பு ஒரு துவையல், பிறகு வெயில் தலைகாட்டும் நாளில் உதறிக் காயவைப்பது போதும்.

திண்டுதான் அதிகம் ஏமாறுகிற இடம். இணையத்தில் 'போல்ஸ்டர்' என்ற பெயரில் உருளை, தட்டை என இரண்டு வடிவம் விற்கிறார்கள். உருளை 60 முதல் 65 செ.மீ நீளம், குறுக்களவு 22 முதல் 25 செ.மீ. தட்டை 60 செ.மீ நீளம், 30 அகலம், 15 உயரம். முதுகு இறுகியவர்களுக்கு, வயதானவர்களுக்கு, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தட்டைதான் சரி. உருளையின் மேல் படுத்தால் உடம்பு இருபக்கமும் சரியப் பார்க்கும், சரியாமலிருக்க வயிறு இறுகும், ஓய்வு என்ற நோக்கமே அடிபட்டுப்போகும்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். ஃபோம் அடைத்தது 1 கிலோகூட இருக்காது. கையால் அமுக்கினால் எகிறும். அந்த எகிறலை முதுகெலும்பு படுத்திருக்கிற நேரமெல்லாம் எதிர்த்துக்கொண்டே இருக்கும். இலவம்பஞ்சு தொடக்கத்தில் அருமை, ஆனால் அமுங்கிக்கொண்டே போகும், இங்குள்ள ஈரத்தில் கட்டிகட்டியாகத் திரளும். கெட்டியாக அடைத்த பருத்திப் பஞ்சு, 3 முதல் 4 கிலோ எடை. அதுதான் வேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: நடுவில் உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொடுங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் உள்ளே போனால் வாங்காதீர்கள். ஜிப் உலோகமா என்று பாருங்கள். உலோக ஜிப் இந்தக் காற்றில் பச்சை பிடித்துச் சில மாதத்தில் நகராது, உறையைக் கழற்றித் துவைக்க முடியாமல் போகும். நைலான் ஜிப், இல்லாவிட்டால் தலையணை உறைபோல மடித்துச் செருகும் வாய்.

இவ்வளவும் பொருந்துகிற திண்டை இணையத்தில் தேடுவதைவிட ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துக் கடைத்தெருவிலோ உங்கள் ஊரிலோ இருக்கும் மெத்தைக் கடையில் சொல்லித் தைப்பதே மேல். அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: 60, 30, 15. 'சோபாத் திண்டு மாதிரி வேண்டாம், கல்லு மாதிரி அடைங்க' என்று சொல்லுங்கள். நான்கு மூலையும் நிறைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், மூலையில் பஞ்சு குறைத்துவிடுவது வழக்கம். கேன்வாஸ் துணியில் இரண்டு உறை கேளுங்கள். இணையத்துத் திண்டு அஞ்சல் செலவைக் குறைக்க எடை குறைத்தே வரும். மெத்தைக் கடைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

அதில் படுக்கும் முறை. திண்டை நீளவாக்கில் போட்டு, அதன் ஓரம் இடுப்பின் அடி எலும்பைத் தொடும்படி முன்னால் உட்கார்ந்து, கையை ஊன்றிப் பின்னால் சாயுங்கள். பிட்டம் தரையில், முதுகும் தலையும் திண்டில். தலைக்கு மடித்த ஜமுக்காளம் வைத்து, நெற்றி தாடையைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி பாருங்கள். தாடை மேலே தூக்கியிருந்தால் தொண்டை இறுகும், மனசு அடங்காது. உள்ளங்கால்களைச் சேர்த்து முழங்காலை விரித்தால் சுப்த பத்த கோணாசனம். விரித்த தொடைகளுக்கு வெளிப்பக்கம் அடியில் சுருட்டிய துணி வைக்காவிட்டால் தொடை தொங்கி இடுப்பை இழுக்கும். பத்தில் எட்டுப் பேருக்கு 'யோகாவால் இடுப்புவலி கூடிவிட்டது' என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறதோ என்று தோன்றும், அவ்வளவு சாதாரணமான தவறு இது. அப்படியும் இடுப்பு வலித்தால் திண்டு உங்களுக்கு உயரம் அதிகம். அதை எடுத்துவிட்டு மடித்த ஜமுக்காளத்தில் படுங்கள். 5 நிமிடத்தில் தொடங்கி 10 வரை போகலாம். எழும்போது நேராக எழக்கூடாது, வலப்பக்கம் உருண்டு கையை ஊன்றி எழ வேண்டும்.

பெல்ட்டில் சொல்ல அதிகமில்லை. பருத்தி நாடா, 2 முதல் 2.5 மீட்டர் நீளம், நான்கு செ.மீ அகலம். இரும்பு வளையம் துருப்பிடித்து நாடாவிலும் பாயிலும் கறை விடும், பிளாஸ்டிக் கொக்கி வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் நீளத் துண்டு போதும். படகில் கிடக்கிற நைலான் கயிற்றை மட்டும் எடுக்காதீர்கள், உள்ளங்காலை அறுக்கும். இடுப்புவலிக்கு இதை வைத்துச் செய்வது ஒன்றுதான்: மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடித்து உள்ளங்காலைத் தரையில் வைத்து, மற்றக் காலின் பாதத்தில் பெல்ட்டைப் போட்டு, முழங்கால் கொஞ்சம் மடிந்திருந்தாலும் பரவாயில்லை என்று மேலே தூக்கி, 30 முதல் 60 வினாடி. ஒரு காலுக்கு இரண்டு முறை. தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரி. முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் இழுத்தாலோ பாதம் மரத்தாலோ அது தசை இல்லை, நரம்பு. உடனே இறக்குங்கள், தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கட்டைக்கு 23 × 15 × 10 செ.மீ பொது அளவு. கிட்டில் வருகிற இ.வி.ஏ ஃபோம் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் அது கை ஊன்ற உதவுமே தவிர, இடுப்புக்கடியில் வைக்க உதவாது. ஒருபக்கம் அமுங்கி இடுப்பைச் சாய்த்துவிடும். கார்க் கட்டை நல்லது, விலைதான் கடிக்கும். எங்கள் பரிந்துரை ஆசாரியிடம் சொல்லி மரத்தில் அறுத்துக்கொள்வது: 23 × 11.5 × 7.5 செ.மீ, விளிம்பை மழுக்கி, உப்புத்தாள் போட்டது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனத்தில் இந்தக் கட்டையை இடுப்பு வளைவில் வைப்பது பரவலான தவறு. அங்கே வைத்தால் முதுகு இன்னும் உள்ளே வளையும். அதற்கும் கீழே, பிட்டத்துக்கு மேலே தட்டையாகத் தட்டுப்படும் எலும்பின் அடியில், கட்டையின் மிகத் தாழ்ந்த உயரத்தில் வைக்க வேண்டும். மரக்கட்டை உறுத்தினால் மேலே ஒரு மடிப்புத் துணி.

நாற்காலி. ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் காசிருக்கிறது என்றால் இதை வாங்குங்கள், அல்லது வீட்டில் இருப்பதைச் சோதித்துப் பயன்படுத்துங்கள். யோகாவுக்கு என்று விற்கும் மடக்கு இரும்பு நாற்காலியில் முதுகுப் பலகை எடுத்திருப்பார்கள், காலையோ உடம்பையோ உள்ளே நுழைக்க வசதி. கரையோரத்தில் அதன் குறை துரு. கால் மடங்கும் ஆணியிலும், இருக்கையின் அடிப்பக்கத்திலும்தான் துரு தொடங்கும், மேலே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். கவிழ்த்துப் பார்த்து, ஆணி ஆடினால் ஒதுக்கிவிடுங்கள். வாங்கியவுடன் அடிப்பக்கத்துக்கு ஒருமுறை துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து, மடக்கும் இடத்தில் மாதம் ஒரு சொட்டு இயந்திர எண்ணெய் விட்டால் பல வருடம் வரும். பிளாஸ்டிக் நாற்காலியைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் நான்கு காலும் பாயின் மேல் இருக்கும்படி, முதுகு சுவரோடு ஒட்டியபடி வைக்க வேண்டும். ஈர டைல்ஸில் பிளாஸ்டிக் கால் அகன்று விரியும். வெயிலில் கிடந்து வெளுத்துப்போன நாற்காலியில் பாரம் ஏற்றவே கூடாது, சத்தமில்லாமல் முறியும்.

உட்கார்ந்து செய்வதற்கு இருக்கையின் உயரம் 43 முதல் 45 செ.மீ. உயரம் குறைந்த பெண்களுக்கு இதில் கால் தரையில் முழுக்கப் பதியாது, காலடியில் ஒரு கட்டை வையுங்கள்.

இந்த நாற்காலியில் நாங்கள் எல்லாருக்கும் முதலில் சொல்லுவது கெண்டைக்கால் ஓய்வு. தரையில் மல்லாந்து, இரு கெண்டைக்காலையும் இருக்கையின் மேல் போட்டு, முழங்கால் செங்கோணமாக மடிந்திருக்க, தலைக்கடியில் ஒரு மடிப்பு, கை இரண்டும் உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. இருக்கை உங்கள் தொடை நீளத்தைவிட உயரமானால் இடுப்பு தரையைவிட்டு எழும்பும். அப்போது இடுப்புக்கடியில் ஜமுக்காளம். 10 நிமிடம். பாம்பன், மண்டபம் பக்கம் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கப் போகிற பெண்களுக்கு, தண்ணீருக்குள் குனிந்து குனிந்து இடுப்பின் இருபக்கத் தசையும் கயிறாக இறுகியிருக்கும். அவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான நிலை இல்லை. இரவு முழுக்கக் கடலில் இருந்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவர்களுக்கும் படுக்கைக்கு முன் இதையே சொல்கிறோம். கருவுற்ற பெண்கள் 20 வாரத்துக்குப் பிறகு இப்படி மல்லாந்து நீண்ட நேரம் இருக்க வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே திண்டை வைத்துப் படுக்கலாம்.

மணல்மூட்டை என்று 2 முதல் 5 கிலோவில் விற்கிறார்கள். தொடைமேல் வைத்தால் கால் தளர உதவும். அடிவயிற்றில் 1 கிலோ வைத்தால் மூச்சு எங்கே போகிறது என்று தெரியும். வீட்டிலேயே தைக்கலாம், ஆனால் கடற்கரை மணலை அள்ளி அடைக்காதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து, துணி உள்ளிருந்தே மக்கும். நன்றாக அலசிக் காயவைத்த ஆற்றுமணல் போடலாம். அரிசி போட்டால் வண்டு வரும். சாப்பிட்ட பிறகு, கர்ப்பத்தில், குடலிறக்கம் உள்ளவர்களுக்கு, மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு வயிற்றில் பாரம் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குக் காலில் வைத்தால் புண்ணானாலும் தெரியாது, அங்கேயும் வேண்டாம்.

கண் மூலிகைப் பை தேவையில்லை. மடித்த பருத்திக் கைத்துண்டு போதும். கண்நீர் அழுத்தம் (குளுக்கோமா) உள்ளவர்களும் கண்புரை அறுவை முடிந்தவர்களும் கண்ணில் எந்தப் பாரமும் வைக்கக் கூடாது.

மனசுக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கிறபோது, வட்டி, வலைச்செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றாகத் தலைக்கேறும். கடலுக்குப் போனவர்கள் பிடிபட்ட செய்தி வந்த வீடுகளில் பெண்களுக்கு வாரக்கணக்கில் தூக்கம் வராது. இவர்களிடம் 'கண்ணை மூடி அமைதியா இருங்க' என்று சொல்வது பல சமயம் எதிராகவே வேலை செய்யும். கண்ணை மூடினால் நினைப்பு இன்னும் பெருகும். திண்டையும் சுவரையும் இங்கேதான் சரியாகப் பயன்படுத்த வேண்டும். முதுகு சுவரில், அறையின் வாசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்காரவைத்து, மடியில் திண்டை வைத்து அதன்மேல் இரு முழங்கையும் ஊன்றச் சொல்லுங்கள். கண் திறந்தே இருக்கட்டும், தரையில் ஓரிடத்தைப் பார்க்கட்டும். மூச்சை 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விட வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தானாக மெதுவாகும். தொடக்கத்தில் 6 வராது, 3-க்கு 4 என்று ஆரம்பித்து ஏற்றலாம். 5 நிமிடம் போதும்.

மூச்சை உள்ளே அடக்கவே வேண்டாம். பாசி எடுக்கிற பெண்கள் மூச்சடக்கத்தில் தேர்ந்தவர்கள், 'இன்னும் கொஞ்சம் அடக்குறேனே' என்று ஆர்வமாகக் கேட்பார்கள். அது அவர்கள் தொழிலுக்கான திறமை. படபடப்புள்ளவருக்கு மூச்சடக்கம் நெஞ்சை இன்னும் அடைக்கும். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதியையும் இந்த நேரத்தில் தள்ளிவைக்க வேண்டும். ரத்த அழுத்தம், வலிப்பு, குடலிறக்கம், கர்ப்பம் இருந்தால் எந்த நேரத்திலுமே வேண்டாம்.

சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவருக்கு நேர்மாறாக யோசிக்க வேண்டும். அவரை 15 நிமிடம் சவாசனத்தில் படுக்கவைத்தால் அதே நினைப்பில் இன்னும் மூழ்குவார். முதலில் நின்று கையை மூச்சோடு தூக்கி இறக்கும் அசைவு 10 முறை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மெல்ல வளைவது, பிறகு திண்டில் மார்பைத் திறந்து 3 நிமிடம், அவ்வளவில் எழுந்துவிட வேண்டும். வெளிச்சமும் காற்றும் வருகிற இடமாக இருந்தால் நல்லது. யோகா இதற்குத் துணைதான். மருத்துவர் கொடுத்த மாத்திரையை யோகாவைக் காட்டி நிறுத்தக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் பாயை விரிக்கும் முன் 14416-க்கு அழையுங்கள், அரசின் டெலிமானஸ் சேவை, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

எதையும் வாங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் சிலர் உண்டு: கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், கண்நீர் அழுத்தம், ஜவ்வு பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலி, எலும்பு பலமிழக்கும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்), சமீபத்திய அறுவை. முதல் இரண்டுக்கும் தலைகீழ் ஆசனங்கள் ஆகாது, அடுத்த இரண்டுக்கும் உட்கார்ந்து முன்னால் குனிகிற ஆசனங்கள் ஆகாது. முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் மண்டியிடும் நிலைகளைத் தானாக முயல வேண்டாம், நாற்காலிப் பயிற்சியோடு நிற்கலாம்.

வாங்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டு நாற்காலியைச் சோதித்து, இரண்டு ஜமுக்காளம் வாங்குங்கள். கெண்டைக்கால் ஓய்வையும் மூச்சையும் ஒரு மாதம் விடாமல் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 6 மி.மீ பி.வி.சி அல்லது டி.பி.இ பாய். அடுத்து மெத்தைக் கடைத் திண்டு. ஒற்றைக் கட்டையும் பெல்ட்டும் அதற்குப் பிறகு. கண் பையும் 10 மி.மீ பாயும் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் திண்டையும் ஜமுக்காளத்தையும் சுவரோரம் தரையில் அடுக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல், பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் வையுங்கள். உறைக்குள் அடைபட்ட ஈரம்தான் பூஞ்சையாகிறது.